ஐப்பசி மழையும் கடைத் தபாலும்

ஆடிக்காற்று அடங்கி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து, புரட்டாசிச் சனிக்கிழமைகளும் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. இனி வருவது ஐப்பசி. நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் காலம் என்றார்கள். மணவூர், திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பருவம் வருவதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உப்பு மூட்டை கசியும், வெல்லம் பிசுபிசுக்கும், தீப்பெட்டி உரசினால் பற்றாது, அப்பளக் கட்டு நமுத்துப்போகும். உடனே நாம் சரக்கைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் ஏற்றுகிறோம், தார்ப்பாய் வாங்குகிறோம், கூரை ஓட்டைப் பார்த்து மாற்றுகிறோம். சரக்கைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே கடைக்கு, அதே மழையில், தபால்காரர் கொண்டுவந்து போடும் கடிதத்தை எத்தனை பேர் அப்படிப் பாதுகாக்கிறோம்? ஒரு மூட்டை சர்க்கரை நனைந்தால் போகும் தொகை நமக்கு உடனே தெரிகிறது. ஓர் உறை நனைந்தோ, தொலைந்தோ போனால் என்ன போயிற்று என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும். அந்தத் தொகை பல மூட்டைகளுக்குச் சமமாகவும் இருக்கலாம். ஆகவே மழை தொடங்குமுன் வீட்டிலும் கடையிலும் தபாலுக்கென்று செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளை இங்கே பார்ப்போம்.

‘வரவில்லை’ என்றால் விடுவார்களா?

வணிகர்களில் பலரிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. கடிதம் கைக்கு வரவில்லை என்றால் நமக்குப் பொறுப்பில்லை என்பது அது. சட்டம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

ஜெனரல் கிளாசஸ் சட்டம், 1897-இன் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் ஓர் ஆவணம் அனுப்பப்பட்டால், வழக்கமாக அது போய்ச் சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். சேரவில்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ‘கதவு பூட்டியிருந்தது’, ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்புடன் உறை திரும்பிப் போனாலும் பெரும்பாலும் இதே கதிதான். செக் வழக்குகளில் சரியான முகவரிக்கு அனுப்பிய அறிவிப்பு சேர்ந்ததாகவே அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அறிவிப்பு கிடைக்கவில்லை என்பவர், நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் தப்பலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கட்டாதவர் ‘எனக்குத் தபால் வரவில்லை’ என்ற வாதத்தை நம்பியிருக்க முடியாது.

இப்போது ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்குச் சரக்குக் கொடுத்ததற்கு வந்த செக் வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. அதற்கான குறிப்பை வங்கி தபாலில் அனுப்புகிறது. மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். செக்கின் ஆயுளே 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம்தான், முன்போல ஆறு மாதம் அல்ல. வங்கியின் குறிப்பு தீபாவளிப் பலகாரத் தட்டின் அடியில் ஐந்து வாரம் கிடந்தால், பாக்கி வைத்தவர் மேல் நமக்கிருந்த பிடி தளர்ந்துவிடுகிறது.

இதே கணக்கு மறுபக்கமும் உண்டு. நாம் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பி, அவருடைய அறிவிப்பு நமக்கு வந்தால், பணம் கட்ட நமக்கிருப்பதும் 15 நாள்தான்.

ஜி.எஸ்.டி. விஷயமும் இப்படியே. அந்தச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு, அறிவிப்பை நேரிலும், பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியர் வழியாகவும், மின்னஞ்சலிலும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஏற்றியும் சார்வு செய்யலாம் என்கிறது. ஓர் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு கதவு அடைந்துவிடும். உத்தரவு சரியா தவறா என்று பேசும் வாய்ப்பே போய்விடுகிறது.

கடிதம் தொலையும் இடங்கள்

நம் ஊர்களில் முன்னால் கடை, பின்னால் வீடு என்பது சாதாரணம். தபால் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் வருகிறது. வந்த கடிதம் எங்கே போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

கடை திறந்திருந்தால் கடைப் பையன் வாங்கித் தராசுப் பக்கத்தில் வைப்பான். எண்ணெய்க் கை பட்டு, மாலைக்குள் அது பொட்டலக் காகிதத்தோடு சேர்ந்துவிடும். கடை மூடியிருந்தால் ஷட்டரின் அடியில் தள்ளிவிடுவார்கள். மழை நாளில் ஷட்டருக்கு அடியில்தான் தண்ணீர் முதலில் நுழையும். காலையில் வாசல் கூட்டும் விளக்குமாறும் அங்கேதான் முதலில் வரும். வீட்டில் அம்மா வாங்கினால் தினசரிக் காலண்டரின் பின்னால் சொருகுவார், அல்லது ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். பாட்டி வாங்கினால் சுவாமி அலமாரி. பிள்ளைகள் வாங்கினால் புத்தகப் பைக்குள்.

இது எந்த மாதத்திலும் நடப்பதுதான். ஆனால் புரட்டாசி, ஐப்பசியில் இன்னொன்றும் சேர்கிறது. நவராத்திரிக்கும் ஆயுத பூஜைக்கும் வீட்டையும் கடையையும் ஒழிக்கிறோம். தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்கிறோம். அலமாரியில் கிடந்த காகிதங்களெல்லாம் ஒரே மூட்டையாகப் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. அதில் காலாவதியான காலண்டரும் போகும், அதன் பின்னால் சொருகியிருந்த வங்கி உறையும் போகும். ஆகவே இந்த ஆண்டு ஒழிக்கும்போது ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போடும் காகிதம் எதுவானாலும், கடைக்கணக்குத் தெரிந்த ஒருவர் ஒருமுறை புரட்டிப் பார்த்த பிறகே வாசலைத் தாண்ட வேண்டும்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

கடிதம் விழ ஓர் இடம் வேண்டும். பெரிய செலவில்லை. ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையில் தகரத்தில் ஒரு தபால் பெட்டி செய்துகொள்ளலாம். சில விஷயங்களை மட்டும் சொல்லிச் செய்யுங்கள்.

மேல்மூடி தட்டையாக இருக்கக் கூடாது. முன்பக்கம் சரிவாக இருந்து, இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடிதம் போடும் வாய்க்கு ஒரு தொங்கும் மூடி வேண்டும். வங்கியும் அரசு அலுவலகங்களும் அனுப்பும் நீள உறை மடங்காமல் முழுதாக உள்ளே விழும் அளவு பெட்டி இருக்கட்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறை மழையிலும் நனையும், போகிறவர் கையிலும் சிக்கும். அடியில் இரண்டு சிறு துளை போட்டு, அதற்கு ஓர் அங்குலம் மேலே ஒரு கம்பித் தட்டு வைத்தால், உள்ளே சாரல் அடித்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், கடிதம் தண்ணீரில் கிடக்காது. பூட்டு அவசியம். சாவி ஒன்று கல்லாவிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

மாட்டும் இடம் முக்கியம். நமக்கு மழையும் சாரலும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. ஆகவே பெட்டியின் வாய் அந்தப் பக்கம் பார்க்காமல், தாழ்வாரத்துக்குள்ளேயோ சன்ஷேடின் கீழேயோ இருக்கட்டும். இடுப்புக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். தெருவில் தண்ணீர் ஓடினாலும் எட்டாது, ஆடு வாய் வைக்காது.

பெட்டியைத் தினமும் திறக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறக்கும் பெட்டி கரப்பானுக்கு வீடாகிவிடும். உறையின் பசையை அது விரும்பித் தின்னும்.

ஒரே கை, ஒரே நோட்டு

தபால் கையாளுவதற்கு வீட்டில் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். யார் வாங்கினாலும் அன்று மாலை விளக்கு வைப்பதற்குள் அவர் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது வீட்டுப் பழக்கமாகட்டும். கையெழுத்துப் போட்டு வாங்கும் கடிதம் என்றால் வீட்டுப் பெரியவர்களில் சிலர் பயந்து, ‘அவர் வந்ததும் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். வாங்காமல் விட்டால் ஆபத்து விலகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மேலே பார்த்தபடி, வாங்காத கடிதமும் வந்த கடிதம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போகிறது. ‘வாங்குங்கள், கையெழுத்தின் கீழே தேதி போடுங்கள், உறையைக் கிழிக்காமல் என்னிடம் கொடுங்கள்’ என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

இதற்கு ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். ஆறு கட்டம் கட்டிக்கொள்ளுங்கள்: வந்த தேதி, யாரிடமிருந்து, உறையின் மேலுள்ள எண், விஷயம், கடைசி நாள், இப்போது யார் கையில் இருக்கிறது. விரைவுத் தபால் உறையின் எண்ணில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு தபால் எங்கே இருக்கிறது, எப்போது கொடுக்கப்பட்டது என்பதை அஞ்சல் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

ஆறு கட்டத்திலும் உயிரானது ‘கடைசி நாள்’ என்ற கட்டம்தான். கடிதத்தைப் படித்தவுடனே பதில் தரவேண்டிய தேதியைக் கணக்கிட்டு அதில் எழுதிவிடுங்கள். கடன் வாங்கியவர் பெயரைப் பேரேட்டில் எழுதாமல் விடுவோமா? இதுவும் ஒரு கடன்தான், தேதியோடு வந்த கடன். ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ கடிதத்தைக் கொடுத்தால், கொடுத்த தேதியைக் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள்.

உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தின் உள்ளே போட்டிருக்கும் தேதி ஒன்று, அஞ்சல் முத்திரையின் தேதி இன்னொன்று, நம் கைக்கு வந்த தேதி வேறு. கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்ற தகராறு வந்தால் உறைதான் சாட்சி. கடிதத்தையும் உறையையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள். வந்த அன்றே இரண்டையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மழையானாலும் எலியானாலும் விஷயம் கையில் இருக்கும்.

முகவரியைச் சரி செய்யுங்கள்

நம் வட்டாரத்துக்கு முகவரிக் குழப்பம் கொஞ்சம் அதிகம். திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். அடுத்த ரயில் சந்திப்பான அரக்கோணம் வேலூர் மாவட்டத்தில் இருந்து 2019-இல் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. எல்லைக்கு அப்பால் 2022 ஏப்ரலில் ஆந்திராவிலும் மாவட்டங்களைப் பிரித்தார்கள், திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நம்மிடம் சரக்கு வாங்குவோரும் கொடுப்போரும் இரு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரேடுகளில் நம் கடை இன்னும் பழைய மாவட்டத்திலேயே இருக்கலாம்.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் நடுவில் வழிகாட்டுவது அஞ்சல் குறியீட்டு எண். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த இந்த ஆறு இலக்க எண்ணின் முதல் இலக்கம் பெரிய மண்டலத்தைக் காட்டும். தமிழகத்துக்கு 6, ஆந்திராவுக்கு 5. திருத்தணி 631209, நகரி 517590. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பெயரில் ஊர்கள் இருந்தாலும், எண் சரியாக இருந்தால் தபால் தவறான மாநிலத்துக்குப் போகாது. ஆகவே பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர் பேட் எல்லாவற்றிலும் குறியீட்டு எண்ணும் கைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையை வேறு தெருவுக்கு மாற்றியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள முகவரியை மாறிய 15 நாளுக்குள் திருத்தச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். வங்கி, காப்பீடு, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றிலும் மாற்றுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்துக்கும், அது பதிவில் உள்ள முகவரி என்றால், நாம்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடை மூடும் நாட்களில்

தீபாவளிக்கு மாமனார் வீடு, கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், கார்த்திகைக்குத் திருவண்ணாமலை என்று நாம் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படும் காலம் இது. (திருத்தணியில் முருகன் சினம் தணிந்தார் என்பதால் இங்கே சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது. அதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வெளியூர்தான் போக வேண்டும்.) பூட்டிய கதவைக் கண்ட தபால்காரர் கையெழுத்துத் தபாலை அஞ்சலகத்துக்கே எடுத்துப் போவார். அங்கே சில நாள் வைத்திருந்து, யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. நம் பெயருக்கு வரும் தபாலை இன்னார் வாங்கலாம் என்று கையெழுத்திட்ட ஓர் அதிகாரக் கடிதத்தை அஞ்சலகத்தில் முன்கூட்டியே கொடுக்கலாம். நம்பகமான அண்டைக் கடைக்காரரே போதும். நீண்ட நாள் வெளியூரில் இருப்பதானால் தபாலை அந்த முகவரிக்குத் திருப்பி அனுப்பவும் எழுதிக் கொடுக்கலாம். அந்த ஏற்பாடு எத்தனை நாள் செல்லும் என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தபால் அதிகம் வரும் மொத்த வியாபாரிகள், பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில் தபால் பெட்டி எண் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.

அனுப்பும் தபாலிலும் கவனம்

பதிவுத் தபால் என்று நாம் பழகிய சேவை 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கவுண்டரில் ‘ரிஜிஸ்டர் போஸ்ட்’ என்று மட்டும் கேட்டால் போதாது. விரைவுத் தபாலில் ‘பதிவு’ என்பதைக் கூடுதல் சேவையாகக் கேட்டு வாங்க வேண்டும். உறையில் உள்ளவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோ மட்டும் தபால் சேர இதுதான் வழி. 2025 அக்டோபர் 1 முதல் இதற்குத் தபால் ஒன்றுக்கு 5 ரூபாயும் வரியும் கூடுதல் கட்டணம். சட்ட அறிவிப்பு, பாக்கி கேட்கும் கடிதம் போன்றவற்றை அனுப்பும்போது இந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். சேர்ப்பித்ததற்கான சான்றும் கேளுங்கள்.

செக் அனுப்பினால் பெயரை முழுதாக எழுதி, மீதி இடத்தில் கோடிட்டு, மேல்மூலையில் ‘அக்கவுண்ட் பேயி’ என்று குறுக்குக் கோடு போடுங்கள். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை எந்தக் காலத்திலும் தபாலில் விடாதீர்கள். மழைக்காலத்தில் முகவரியைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். மைப்பேனா எழுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்துவிடும். உறைக்குள் கடிதத்தை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைப்பதும் நல்லது.

உப்பு சொல்லும் எச்சரிக்கை

வந்த தபாலையும் பில்களையும் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் நமக்கு உண்டு. ஜி.எஸ்.டி. கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். அதாவது ஒரு பில் ஏழு, எட்டு மழைக்காலங்களைத் தாண்ட வேண்டும்.

காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்க வழியுண்டு. சமையல் உப்பு கசிவது எழுபத்தைந்து அளவில். ஆகவே உப்பு கசிகிறது என்றால் காகிதம் அதற்கு முன்பே ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். மளிகைக் கடைக்காரருக்கு ஈரம் பார்க்கத் தனியாகக் கருவி வேண்டாம், உப்புச் சாடியே போதும்.

காகிதங்களை மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். பெரிய பிஸ்கட் டின்னே போதும். ஆனால் ஈரக்காற்றோடு மூடினால் ஈரமும் உள்ளேயே அடைபடும். புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்பார்கள். அந்த வெயிலில் டின்னையும் அலமாரித் தட்டுகளையும் நன்றாகக் காயவைத்து, காகிதத்தை நிழலில் உலர்த்தி, வறண்ட பகல் வேளையில் உள்ளே வைத்து மூடுங்கள். காகிதத்தை நேர் வெயிலில் போட்டால் எழுத்து வெளுக்கும்.

பீரோ சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. நான்கு விரல் இடைவெளி விட்டு, செங்கல் மேல் ஏற்றி வைத்தால் சுவர் ஓதமும் கரையானும் எளிதில் எட்டா. பூச்சிக்கு ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வசம்பும் வேப்பிலையும் வைத்துவருகிறோம். காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள். அந்துருண்டையைத் தின்பண்டம் இருக்கும் அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

கருவியில் சூட்டால் அச்சாகும் வழுவழுப்பான பில்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எடைமேடைச் சீட்டு, கார்டு மெஷின் சீட்டு, கவுண்டர் ரசீது பலவும் இப்போது இந்தக் காகிதத்தில்தான் வருகின்றன. இதில் மையே இல்லை. சூட்டில் கறுக்கும் ஒரு பூச்சு மட்டும்தான். எண்ணெய் பட்டாலும், சூடு பட்டாலும், பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக் கிடந்தாலும் எழுத்து மறைந்துவிடும். இவற்றை வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள்.

நனைந்துவிட்டால்

2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று நம் மாவட்டம் பெருமழையைப் பார்த்திருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுக் கரையோரக் கடைகளுக்கு ஆந்திரப் பக்கத்து அணை திறந்தாலே கவலை. தண்ணீர் புகுந்து காகிதம் நனைந்துவிட்டால் பதற வேண்டாம்.

ஒட்டிய தாள்களை வலிந்து பிரிக்காதீர்கள். தானாக விடும்வரை பொறுங்கள். இஸ்திரி போடாதீர்கள். சூட்டால் அச்சான சீட்டு முழுவதும் கறுத்துவிடும். வெள்ளைத் தாள்களை இடையிடையே வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, நனைந்த தாள்களை மாற்றிக்கொண்டே இருங்கள். செய்தித்தாளை வைத்தால் அதன் மை ஏறிவிடும். இரண்டு நாளுக்குள் உலராவிட்டால் பூஞ்சை தொடங்கிவிடும். அவ்வளவு காகிதத்தையும் உடனே உலர்த்த முடியாது என்றால், பிளாஸ்டிக் பையில் கட்டி, தின்பண்டம் இல்லாத ஃபிரீசரில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். ஆவணக் காப்பகங்களில் கையாளும் முறைதான் இது. கரன்ட் இருந்தால் ஐஸ்கிரீம் பெட்டி அதற்கு உதவும்.

சரக்குக்குக் காப்பீடு செய்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெள்ளத்தில் சரக்கு போனால் காப்பீட்டு நிறுவனம் கேட்பது இருப்புக் கணக்கையும் கொள்முதல் பில்களையும்தான். சரக்கும் பில்லும் ஒரே தரையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். பில்களின் நகல் மாடியிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும்.

கைபேசியில் வரும் ‘தபால்’

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள், அல்லது ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவில் கொடுத்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா, பழைய கணக்குப்பிள்ளையுடையதா என்பதையும் சரிபாருங்கள்.

‘உங்கள் பார்சல் முகவரி தவறாக உள்ளது, இந்த இணைப்பில் திருத்துங்கள்’ என்று அஞ்சல் துறை பெயரில் வரும் குறுஞ்செய்திகள் மோசடி. பண்டிகைக்காலத்தில் பார்சல் எதிர்பார்த்திருப்பவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். இணைப்பைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868-இல் கேளுங்கள். தபால் கொடுக்கும்போது ஓ.டி.பி. கேட்டால், தபால்காரர் நேரில் வந்து உறையைக் காட்டிய பிறகே சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. தபால் பெட்டி மாட்டுங்கள், இருந்தால் மூடியையும் பூட்டையும் சரி செய்யுங்கள்.
2. தபால் நோட்டு ஒன்று தொடங்குங்கள்.
3. கையெழுத்துத் தபாலைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வீட்டில் சொல்லுங்கள்.
4. காலண்டரின் பின்னாலும் ஃபிரிட்ஜ் மேலும் கிடக்கும் உறைகளை இன்றே எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.
5. தபால்காரரிடம் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுங்கள்.
6. டின்னை வெயிலில் காயவையுங்கள்.

சென்னை ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1-இல் தென்னகத்தின் முதல் ரயில் ஓடியது. மணவூர் ரயிலடி இருப்பதும் அந்தப் பாதையில்தான். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை கடிதத்தை நம் வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பது அஞ்சல் துறையின் பொறுப்பு. உலக அஞ்சல் தினம் அக்டோபர் 9, நம் தேசிய அஞ்சல் தினம் அக்டோபர் 10, இரண்டும் மழை தொடங்கும் இந்தச் சமயத்தில்தான் வருகின்றன. வாசலைத் தாண்டிய பிறகு அந்தக் கடிதத்தைக் காப்பது நம் பொறுப்பு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் பெட்டியும் நோட்டும் தயாராக இருக்கட்டும்.